காளியாத்தாள் குடிக்காத தண்ணீர்

மல்லசமுத்திரத்துக்கு மேற்கே எங்கள் தோட்டம். அந்த வீட்டுக்கு இளைய மருமகளாக நான் வந்தபோது பருத்தி எடுக்கிற வெயில் காலம். எல்லாரும் சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடிப்போம். மூத்த மருமகள் காளியாத்தாள் மட்டும் வாயை நனைத்துத் துப்பிவிட்டு மடியைக் கட்டிக்கொண்டு போய்விடுவாள். எனக்கு ஓரகத்தி, அக்கா என்றுதான் கூப்பிடுவேன். ஏதோ விரதமாக்கும் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு அப்போது இருந்த புத்தி அவ்வளவுதான்.

விரதமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. குடித்தால் போக வேண்டும். போக இடம் கிடையாது. எங்கள் தோட்டத்தில் கிணறு இரண்டு. விடிந்ததும் ஆண்கள் இரண்டிலும் கவலை பூட்டி நீர் இறைக்க மாடு ஓட்டத் தொடங்கிவிடுவார்கள். பொழுது இறங்கும்வரை எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு ஆண் நிற்பான். ஆகவே பெண்கள் விடியுமுன் கிளுவை வேலிக்கு அந்தப்புறம் போய்வர வேண்டும். அதை விட்டால் இருட்டிய பிறகுதான். நடுவில் வந்தால் அடக்கிக்கொள்ள வேண்டும். பெண்ணுக்கு அடக்கம் வேண்டும் என்று உபதேசம் பண்ணுகிறார்களே, எங்கள் பக்கத்தில் அது இங்கிருந்துதான் ஆரம்பம்.

நாங்கள் எல்லாரும் அடக்கினோம். காளியாத்தாளால் முடியவில்லை. அவள் கதை அதுதான்.

அவளுக்குச் செல்லாயி என்று ஒரு பெண், சின்னுசாமி என்று ஒரு பையன். மூன்றாவது பிரசவத்தில்தான் வினை வந்தது. நான் அந்த வீட்டுக்கு வருவதற்கு முந்தின வருஷம். குழந்தையின் தலை இறங்கி நின்றுகொண்டு, இரண்டு பகல் வெளியே வரவில்லை. பிரசவம் பார்க்கிற மாரக்காள் தன்னால் ஆனதையெல்லாம் செய்தாள். பிள்ளை செத்துப் பிறந்தது, தாய் பிழைத்தாள். பிள்ளை பெற்றவள் தண்ணீர் குடித்தால் வயிறு ஊதிவிடும் என்று எங்கள் மாமியார் குப்பாயி ஒரு சட்டம் வைத்திருந்தார். பிரசவக் காய மருந்து கொடுத்தார்கள், பூண்டு கொடுத்தார்கள், தண்ணீர் மட்டும் கொடுக்கவில்லை. அப்புறம், மடியில் பிள்ளையே இல்லாதவளுக்குப் படுக்கை எதற்கு என்று தீட்டுக் கழிந்த கையோடு எழுப்பிவிட்டார்கள். கம்பு அறுப்பு நடந்துகொண்டிருந்தது. மூட்டை தூக்கினாள்.

அந்த மூட்டையோடு அவளுக்கு அடி இறங்கிவிட்டது. கீழே உருண்டையாக ஏதோ வந்து நிற்கிறது, உட்கார்ந்தால் தட்டுகிறது என்று அவள் என்னிடம் சொன்னதே நான் அந்த வீட்டுக்கு வந்து நாலைந்து வருஷம் கழித்துத்தான். அதற்குமுன் யாரிடம் சொல்வாள்? புருஷன் வெள்ளியங்கிரி நல்ல மனுஷன்தான். மாட்டுக்குக் காய்ச்சல் என்றால் இரவெல்லாம் விழித்திருப்பான். பெண்டாட்டிக்குக் கீழே என்ன என்று கேட்கிற பழக்கம் அந்த வீட்டில் எவனுக்கும் இல்லை.

முதலில் நீர்க்கடுப்பாக வந்தது. சொட்டுச் சொட்டாகப் போகும். போய்விட்டு எழுந்தால் மறுபடி போக வேண்டும் போலிருக்கும். மிளகாய் வைத்தது மாதிரி எரியும். பிறகு குளிர்காய்ச்சல் வரும், இடுப்பின் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு படுத்துவிடுவாள். நாலு நாளில் விடும். அப்பாடா என்று எழுந்தால் அடுத்த மாதம் மறுபடி வரும். நாள் ஆக ஆக, குடத்தைத் தூக்கினால், தும்மினால், சிரித்தால்கூட ஒழுகியது. அதனால் அவள் சிரிப்பதையும் விட்டுவிட்டாள்.

"சூடு. சூடு புடிச்சுக்கிச்சு. வேற ஒண்ணுமில்ல" என்பார் மாமியார். நெருஞ்சி முள்ளைக் காய்ச்சிக் கொடுத்தார், தொப்புளில் விளக்கெண்ணெய் வைத்தார். குறை சொல்லக்கூடாது, கொஞ்சம் கேட்கவும் செய்தது. ஆனால் அதே வாயால், "சும்மாச் சும்மா தண்ணியக் குடிக்காத, குடிக்கக் குடிக்கத்தான் ஒழுகுது" என்பதும் அவர்தான். காளியாத்தாளுக்கும் அதுதான் நியாயமாகப் பட்டது. ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றாவிட்டால் ஒழுகாது என்கிற கணக்கு. குடிக்கக் குடிக்கத்தான் உள்ளே கழுவிப்போகும், குடிக்காவிட்டால் உள்ளே நின்றது நாறும் என்பது எங்கள் யாருக்கும் தெரியாது.

நாற்றம் வந்தது. என்ன துணி கட்டினாலும், எத்தனை தரம் அலசினாலும் வந்தது. மாரியம்மன் நோம்பிக்குப் பொங்கல் வைக்க அவளைச் சேர்க்கவில்லை. சமையல்கட்டுக்குள் விடவில்லை. புருஷன் கட்டிலைக் களத்துக்குக் கொண்டுபோய்விட்டான். எல்லாவற்றுக்கும் மேல், அவள் பெற்ற மகள் செல்லாயிக்குக் கல்யாணம் நடந்தபோது காளியாத்தாளுக்குக் காய்ச்சலும் கடுப்பும் உச்சத்தில் இருந்தது. சம்பந்திகள் முன்னால் மானம் போய்விடும் என்று மாமியார் அவளை மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் உட்கார வைத்துவிட்டார். மேளச் சத்தத்தை மாடுகளோடு சேர்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். நான் சோறு கொண்டுபோனேன். "தாலி கட்டியாச்சா ராசு?" என்று கேட்டாள். கட்டியாச்சுக்கா என்றேன். எனக்கு அன்றைக்கு யாரையாவது அடிக்க வேண்டும் போலிருந்தது.

அவளுக்கு ஒரே தம்பி, மருதாசலம். வெண்ணந்தூர்ப் பக்கம் ஊர். தாய் சின்ன வயசிலேயே போய்விட, அவனைத் தூக்கி வளர்த்தவள் இவள்தான். செல்லாயி கல்யாணத்துக்கு வந்தவன் அக்காவைத் தேடிக்கொண்டு கொட்டகைப் பக்கம் போய்விட்டான். என்ன பார்த்தானோ, என்ன பேசினார்களோ தெரியாது. விருந்து முடிந்ததும் மாமியார் எதிரே வந்து நின்றான்.

"அத்தை, அக்காளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறனுங்க."

"ஆஸ்பத்திரிக்கா? பொம்பள சீக்கக் கொண்டுபோய் ஊருக்குக் காட்டறதா?"

"உங்ககிட்டக் கேக்கலீங்க. சொல்லிட்டுப் போலாம்னு வந்தனுங்க."

வெள்ளியங்கிரி தலையைக் குனிந்துகொண்டே, "போயிட்டு வரட்டும் ஆத்தா" என்றான். அந்த வீட்டில் அவன் பேசிய பெரிய பேச்சு அதுதான். துணைக்கு நான் போனேன். ஐரோப்பாவில் சண்டை தொடங்கிவிட்டது என்று சந்தையில் பேசிக்கொண்ட சமயம் அது. பெண்களுக்கென்றே நடந்த மிஷன் ஆஸ்பத்திரி ஒன்றுக்கு வண்டி கட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தோம்.

டாக்டரம்மா பட்டணத்துப் பெண். கண்ணாடி போட்டிருந்தார், பேச்சில் சுற்றிவளைப்பு கிடையாது. "எத்தனை நாளா இப்படி?" என்று கேட்டார். காளியாத்தாள் சுவரைப் பார்த்தாள். நான்தான் சொன்னேன்.

"எட்டு ஒம்பது வருசமாச்சுங்க."

"ஏன் இத்தனை நாள் வரலை?"

"சூடுன்னு சொன்னாங்க."

"இத்தனை வருஷமாவா சூடு?"

 டாக்டரம்மா அக்காவைப் படுக்க வைத்து, வளைந்த மெல்லிய கம்பி ஒன்றை நீர் வரும் வழியாக உள்ளே விட்டார். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளே டக்கென்று ஒரு சத்தம் கேட்டது. டாக்டரம்மா கம்பியைக் கொஞ்சம் நகர்த்தினார். மறுபடி டக். மனுஷி வயிற்றுக்குள்ளிருந்து அப்படி ஒரு சத்தம் வரும் என்று நான் கனவில்கூட நினைத்ததில்லை. "கல் இருக்கு" என்றார்.

பிறகு மருதாசலத்தைக் கூப்பிட்டு, என்ன பயிர் செய்கிறாய் என்று கேட்டார். சோளம், கடலை, கொஞ்சம் கரும்பு என்றான்.

"வாய்க்கால்ல ஒரு இடம் பள்ளமா இருந்தா என்ன ஆகும்?"

"தண்ணி அங்கயே நின்னுக்குமுங்க. மடைய அடச்சப்புறமும் நிக்கும். பாசி புடிச்சு நாறும்."

"உன் அக்காவுக்கு அதுதான் ஆகியிருக்கு. பிரசவத்துல தாங்கற சதை கிழிஞ்சு, ஆறறதுக்குள்ள பாரம் தூக்கியிருக்காங்க. மூத்திரப்பை கீழே தொங்கிப்போச்சு. எவ்வளவு போனாலும் பள்ளத்துல கொஞ்சம் நின்னுடுது. நின்னது கெடுது, காய்ச்சல் வருது. கெட்டது படிஞ்சு படிஞ்சு கல்லாயிடுச்சு."

"கல்ல எடுத்துட்டாச் சரியாப் போயிருங்களா?"

"அது பாதி வேலை. பள்ளத்தைத் தூர்க்கணும். தொங்கற பையை மேலே ஏத்தி, தளர்ந்த சதையை இழுத்துத் தைக்கணும். ஆனா இப்ப சீழ் இருக்கு, தையல் நிக்காது. முதல்ல கல்லை எடுக்கறேன். புண் ஆறட்டும். நல்லாத் தேறினப்புறம் இன்னொரு தரம் வரணும். வராம விட்டீங்கன்னா மறுபடி இதே கதைதான்."

அடிவயிற்றைக் கீறிக் கல்லை எடுத்தார்கள். மயக்க மருந்தின் வாடை எனக்கு வாசல்வரை வந்தது. அதன்பின் வயிற்றிலிருந்து ஒரு ரப்பர்க் குழாய் கட்டிலுக்குக் கீழே இருந்த பாட்டிலுக்குப் போயிற்று. முதலில் கலங்கலும் ரத்தமுமாக வந்தது, நாள் போகப் போகத் தெளிந்தது. நர்சு கல்லை ஒரு கிண்ணத்தில் போட்டுக் கொண்டுவந்து காட்டினாள். பெரிய எலுமிச்சங்காய் அளவு, மேலெல்லாம் சொரசொரவென்று. காளியாத்தாள் அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பொறந்தது செத்துப்போச்சு. இது வளந்திருக்குது பாரு" என்றாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் அழவில்லை.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா இரண்டு விஷயம் சொன்னார். தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். வந்தால் அடக்கக் கூடாது, போய் முடித்ததும் எழுந்து நின்று மறுபடி உட்கார்ந்து மிச்சத்தையும் போக்கிவிட வேண்டும். பாரம் தூக்கவே கூடாது என்பதை மூன்றாவதாக என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். அக்காவைப் பார்த்துச் சொல்லிப் பிரயோசனம் இல்லை என்று அவருக்கே தெரிந்திருந்தது.

மருதாசலம் என்ன செய்தான் என்றால், எங்கள் வீட்டுப் பின்புறத்தில் சுவரை ஒட்டிச் சோளத்தட்டையால் ஒரு மறைப்புக் கட்டினான். ஆள் உயரத்துக்கு மூன்று பக்கமும் அடைத்து, உள்ளே மணல் கொட்டினான். பகலில் அக்கா போய்வர ஒரு இடம். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த மறைப்பு நின்ற மாதங்கள்தான் காளியாத்தாள் மனுஷியாக இருந்த மாதங்கள். தண்ணீர் குடித்தாள். முகத்தில் களை வந்தது. நானும் அவளோடு போய் வந்துகொண்டிருந்தேன், பொய் சொல்வானேன். ஒரு நாள் ஏதோ பேச்சில் அவள் வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்துவிட்டுச் சட்டென்று சேலையைத் தொட்டுப் பார்த்தாள்.

கோடை வந்தது. தீவனம் தீர்ந்தது. ஒரு காலையில் எழுந்து போனால் மறைப்பைக் காணோம். மாமியார் தட்டையை உருவி மாட்டுக்குப் போட்டுவிட்டார். மாடுகள் நின்று நிதானமாக மென்றுகொண்டிருந்தன.

"என்ன அத்தை இப்புடிப் பண்ணிட்டீங்க?" என்றேன்.

"மாடு பட்டினி கெடக்குது, உங்களுக்கு மறைப்புக் கேக்குதா? நாங்கெல்லாம் எந்த மறைப்புல போனோம்?"

இதற்கு நான் திருப்பிச் சொன்னது எழுதத் தகுந்ததல்ல. ஒரு வாரம் எனக்கும் அவருக்கும் பேச்சு நின்றது. ஆனால் பேச்சு நின்றதால் மறைப்பு வரவில்லை. காளியாத்தாள் மறுபடி அடக்கத் தொடங்கினாள், குடிப்பதைக் குறைத்தாள். ஆடி முடிவதற்குள் கடுப்பு திரும்பிவிட்டது. புரட்டாசியில் குளிர்காய்ச்சல். டாக்டரம்மா சொன்னபடியே பள்ளத்தில் தண்ணீர் நின்றது.

மருதாசலத்தோடு போய்க் காட்டினோம். டாக்டரம்மா புதிதாக வந்திருந்த மாத்திரை ஒன்றைக் கொடுத்தார். காய்ச்சல் கேட்டது. "மார்கழியில வாங்க, ரெண்டாவது ஆபரேஷனை முடிச்சிடலாம். தள்ளிப் போடாதீங்க. பின்னால சிறுநீரகத்துக்கு ஏறிட்டா என் கையில இல்லை" என்று கண்டிப்பாகச் சொன்னார். சரிங்க என்றோம். அந்தச் சரியை நாங்கள் மனசாரத்தான் சொன்னோம்.

ஐப்பசியில் மருதாசலத்துக்குப் பெண் அமைந்தது. தை மாதம் கல்யாணம் என்று பெரியவர்கள் நிச்சயம் செய்தார்கள்.

எங்கள் சனத்துக் கல்யாணத்தில் மாப்பிள்ளைக்கு இணைச்சீர் என்று ஒன்று உண்டு. கூடப்பிறந்தவள் மாப்பிள்ளைக்கு இணையாக நிற்க வேண்டும். கல்யாணப் பெண்ணின் கூறைச்சேலை வைத்த கூடையை ஏந்தி, சீர் நடத்துகிற அருமைக்காரர் சொல்லச் சொல்ல அத்தனையும் செய்ய வேண்டும். மஞ்சள் நூலைக் கையில் கட்டிவிட்டால் சீர் முடியும்வரை இடத்தை விட்டு எழக்கூடாது. நிலமெல்லாம் ஆண்பிள்ளைக்குப் போய்விடுகிறது. பிறந்த வீட்டில் பெண்ணுக்கென்று மிஞ்சுவது இந்தச் சீர் ஒன்றுதான். சொந்தத் தங்கையோ அக்காவோ இல்லாவிட்டால் ஒன்றுவிட்டவள் நிற்பாள்.

மார்கழியில் ஆபரேஷன் செய்தால் தையில் அவள் எழுந்து நிற்க முடியாது. மருதாசலம் வந்து, "கல்யாணத்தை வைகாசிக்குத் தள்ளிப்போடறேன் அக்கா" என்றான். பெண் வீட்டுக் கிழவர் ஒருவர் படுக்கையில் இருந்தார், தள்ளி, நடுவில் அவர் போய்விட்டால் வருஷம் ஓடிவிடும் என்று அவர்கள் பயந்தார்கள். மாமியார் ஒரு வழி சொன்னார். "பெரியப்பன் மக முத்தாயம்மாள் இருக்கறாளே. அவ நிக்கட்டும். இவளக் கொண்டுபோய்ப் பந்தல்ல நிறுத்தி, சபை நடுவுல ஒழுக விடறதா?"

காளியாத்தாள் அதுவரை மூலையில் உட்கார்ந்திருந்தாள். எழுந்து வந்தாள்.

"எம் மக கல்யாணத்துல மாட்டோட உக்காந்திருந்தனுங்க அத்தை. ஒண்ணும் சொல்லல. இவன நான் இடுப்புல தூக்கி வளத்தேன். இவனுக்கு நான்தான் நிப்பேன். ஒழுகாது. ஒரு சொட்டு ஒழுகாது."

"ஒழுகாதுன்னு நீ எப்புடிச் சொல்ற?"

"நான் பாத்துக்கறனுங்க."

ஆபரேஷனை மாசிக்குத் தள்ளிவைத்தோம். மருதாசலத்துக்கு மனசே இல்லை. "சீர் முடிஞ்ச மறுநாளே வண்டி கட்டறேன்" என்று அக்காவிடம் கைமேல் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டு போனான். நான் பாத்துக்கறேன் என்றாளே, எப்படிப் பார்த்துக்கொள்ளப் போகிறாள் என்று எங்களில் ஒருத்தரும் கேட்கவில்லை.

கல்யாணத்துக்கு முந்தின நாள் வெண்ணந்தூர்ப் பக்கம் போய்ச் சேர்ந்தோம். அன்று காலையிலிருந்தே அவள் எதையும் குடிக்கவில்லை என்பது எனக்குச் சாயங்காலம்தான் உறைத்தது. சோற்றில் ரசத்தைக்கூட ஊற்றிக்கொள்ளவில்லை. உதடு வெடித்திருந்தது. ஒரு சொம்பை எடுத்துக்கொண்டு போய் நீட்டினேன்.

"குடிக்கா."

"வேண்டாம் ராசு."

"டாக்டரம்மா என்ன சொன்னாங்க? பைத்தியமா புடிச்சிருக்குது உனக்கு?"

"ஒரு நாளைக்கு ஒண்ணும் ஆயிராது. சீர் முடிஞ்சதும் குடத்தோட கொண்டா, குடிக்கறேன். இப்ப அவங்கிட்டச் சொல்லிப்போடாத. சொன்னயின்னா நிறுத்திப்போடுவான்."

என் கையைப் பிடித்துக்கொண்டாள். கை கொதித்தது. காய்ச்சலா என்றேன். அடுப்புப் பக்கம் இருந்தேன் என்றாள். நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று இன்றைக்கு யார் வேண்டுமானாலும் சொல்லலாம். ஒன்பது வருஷம் மூலையில் கிடந்தவள் ஒரே ஒரு நாள் பந்தலில் நிற்கக் கேட்டாள். அந்தக் கண்ணைப் பார்த்துவிட்டு எவள் போய்ச் சொல்வாள்?

மறுநாள் அவள் நின்றாள். அரக்குச் சேலை கட்டி, தலை நிறையப் பூ வைத்து, கூடையை ஏந்திக்கொண்டு தம்பிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அருமைக்காரர் அவசரப்படுகிற ஆள் இல்லை. ஒவ்வொரு சீருக்கும் ஒரு கதை சொல்லுவார், நடுவில் வெற்றிலை போடுவார். வெயில் ஏறியது. பந்தலில் இருந்த பெண்களுக்கெல்லாம் அவள் சங்கதி தெரியும், எல்லாக் கண்ணும் அவள் சேலைக் கொசுவத்தின் மேல்தான் இருந்தது. அவள் அசையவில்லை. ஒரு முறைகூட எழவில்லை. ஒரு சொட்டு ஒழுகவில்லை.

"ஆத்தா கண்ணத் தொறந்துட்டா. மாரியாத்தாளுக்கு வேண்டியிருந்தேன், பலிச்சிருச்சு" என்றார் என் மாமியார் பக்கத்திலிருந்தவளிடம். அவர் வேண்டிக்கொண்டதும் உண்மைதான். அவர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. கெட்டவராக இருந்திருந்தால் எனக்குத் திட்டுவதற்குச் சுலபமாக இருந்திருக்கும்.

தாலி கட்டி, சீரெல்லாம் முடிந்து நூலை அவிழ்த்ததும் நான் சொன்னபடி குடத்தோடு ஓடினேன். அவள் இரண்டு மடக்குக் குடித்தாள். மூன்றாவது மடக்கு வெளியே வந்துவிட்டது. அப்படியே என் மேல் சாய்ந்தாள். பல் கிட்டிக்கொண்டு உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. மணவறையிலிருந்து மருதாசலம் எழுந்து வந்துவிட்டான். மாலையைக் கழற்றி எறிந்துவிட்டு, "வண்டியக் கட்டுங்கடா" என்றான். தாலி கட்டியாகிவிட்டது, அதனால் யாரும் தடுக்கவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது விடிந்திருந்தது. வழியெல்லாம் அவளுக்கு நீர் போகவே இல்லை. டாக்டரம்மா குழாய் போட்டுப் பார்த்தார். பாட்டிலில் அரைக்கரண்டி அளவு கலங்கலாகச் சீழ்தான் வந்தது. இடுப்பைத் தொட்டால் கத்தினாள். டாக்டரம்மா வெளியே வந்து கண்ணாடியைக் கழற்றினார்.

"ரெண்டு சிறுநீரகமும் கெட்டிருக்கு. இனிமே கத்திக்கு வேலை இல்லை. மருந்து கொடுக்கறேன், நரம்பு வழியா தண்ணி ஏத்தறேன். நேத்து எவ்வளவு தண்ணி குடிச்சாங்க?"

மருதாசலம் என்னைப் பார்த்தான். அவன் நெற்றியில் பட்டம் கட்டிய தடம் இருந்தது, வேட்டியெல்லாம் மஞ்சள்.

"குடிக்கலீங்க. முந்தாநாள் காலையிலிருந்து குடிக்கல. சீர்ல ஒழுகிரக் கூடாதுன்னு" என்றேன்.

அவன் சுவரோரமாகப் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். எழுந்து உள்ளே போக வெகுநேரம் ஆயிற்று. நான் கூடப் போனேன். காளியாத்தாளுக்கு முகம் வீங்கியிருந்தது, நினைவு வந்து வந்து போனது. தம்பியை அடையாளம் கண்டுகொண்டாள்.

"பாத்தியா சாமி, ஒரு சொட்டு ஒழுகல" என்றாள்.

"ஆமாக்கா" என்றான்.

அவள் தம்பியிடம் பேசியது அதுதான் கடைசி. மறுநாள் பகலில் போய்விட்டாள். ஊருக்குக் கொண்டுவந்து, எரிப்பதற்கு முன் குளிப்பாட்டினோம். குளிப்பாட்டியவள் அன்றைக்குப் பிரசவம் பார்த்த மாரக்காள். உடம்பில் அந்த வாடை துளியும் இல்லை என்று என்னிடம் சொன்னாள். அதைக் கேட்டு நான் என்ன செய்ய?

ஊரில் அப்புறம் என்ன பேசினார்கள் தெரியுமா? எப்பேர்ப்பட்ட அக்கா, காலையிலிருந்து மத்தியானம் வரைக்கும் எழுந்திரிக்காமல் சீரை முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் கண்ணை மூடினாள் என்று புகழ்ந்தார்கள். நாலு ஊருக்கு அந்தப் பேச்சு போயிற்று.  புகழ்ந்த வாயெல்லாம் ஒரு சோளத்தட்டை மறைப்பை நிற்க விட்டிருந்தால் போதும்.

மருதாசலம் அதன்பின் எங்கள் தோட்டத்துக்கு வருவதைக் குறைத்துக்கொண்டான். வந்தாலும் பிள்ளைகளைப் பார்த்துவிட்டுப் போய்விடுவான். அவன் முழுசாக வந்து நின்றது சுதந்திரம் வந்ததற்கு அடுத்த தையில், சின்னுசாமி கல்யாணத்துக்கு. தாயில்லாத பையன், தாய்மாமன்தான் எல்லாம். இணைச்சீருக்கு அக்கா செல்லாயி நிற்க வேண்டும். செல்லாயி அப்போது கைப்பிள்ளைக்காரி. தாயின் அதே முகம்.

சீருக்கு முந்தின நாளே மாமன் ஒரு பார வண்டியோடு வந்தான். வண்டி நிறையத் தென்னங்கீற்று. பந்தலுக்குப் பின்னால் தன் கையாலேயே குழி தோண்டி, கால் நட்டு, நாலு பக்கமும் கீற்றால் அடைத்து, வழியில் ஒரு படலும் வைத்தான். என் மாமியார் குப்பாயிக்கு அப்போது கண் மங்கிவிட்டது. தடவிப் பார்த்துவிட்டு, "தட்டையில கட்டியிருக்கலாமே மருதாசலம், இங்க நெறையாக் கெடக்குதே" என்றார்.

"தட்டைன்னா மாடு தின்னுருமுங்க அத்தை" என்றான்.

அவர் கீற்றிலிருந்து கையை எடுத்துக்கொண்டார்.

மறுநாள் மேளம் நின்று, செல்லாயி கூடையை ஏந்தப் போனாள். அருமைக்காரர் மஞ்சள் நூலைக் கையில் எடுத்துவிட்டார். மருதாசலம் சபை நடுவே நடந்து வந்தான். கையில் ஒரு பித்தளைச் சொம்பு, விளிம்பு வரைக்கும் தண்ணீர்.

"குடி சாமி" என்று அவளிடம் நீட்டினான்.

"என்னப்பா இது, இப்புடி ஒரு சீரு இல்லையே" என்றார் அருமைக்காரர்.

"இருக்குதுங்க. இது எங்க அக்கா சீரு. அவ குடிச்சு முடிக்கட்டும், பொறகு நூலக் கட்டுங்க. நடுவுல அவளுக்கு எந்திரிக்கணும்னாச் சொல்லுவா. எந்திரிச்சுப் போயிட்டு வருவா. வார வரைக்கும் மேளம் நிக்கும், முகூர்த்தம் நிக்கும், நாம எல்லாரும் நிப்போம்."

 செல்லாயி மாமனைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன். அவள் சொம்பை வாங்கிக் குடித்தாள். பாதியில் மூச்சுக்கு நிறுத்தினாள். அவன், "முச்சூடும் குடிச்சிரு கண்ணு" என்றான். தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே நின்றான். அவள் குடித்து முடித்துச் சொம்பைக் கவிழ்த்துக் காட்டியபோதுதான், அக்கா போய் ஏழு வருஷம் கழித்து, அத்தனை பேர் முன்னாலும் அவன் அழுதான்.